வாலுக்கு அடியில் பார்க்க வேண்டும்

புறாவை அடையாளம் காண நினைக்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு, அதன் முகத்தைப் பார்ப்பது. எல்லாப் புறாவுக்கும் ஒரே முகம்தான், ஐயா. எதையோ எடுக்க உள்ளே வந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்துபோன ஆளின் முகம். வாலுக்கு அடியில் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதால் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. புறாவுக்கு நேர் கீழே அண்ணாந்து நிற்பதில் என்ன ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

எழுத்தர் சிரிக்கிறார். நல்லது. சிரித்த முகத்தோடு எழுதினால் எழுத்து நன்றாக வரும்.

நான் கேட்ட இரண்டையும் செய்து கொடுத்ததற்கு முதலில் நன்றி. புறாவைக் கூண்டோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். என் தங்கச்சியை அந்த ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நீங்கள் என்னைப் பிடித்து வந்ததிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு ஆள் மூலம் ஒரே பதில்தான் சொல்லி அனுப்பினாள்: “அந்தப் புறா எப்படிக் கூவுதுன்னு நான் காதால கேட்கணும். கேட்டுட்டு அப்புறம் சொல்றேன், அவர் எனக்கு அண்ணனா இல்லையான்னு.” நியாயமான பேச்சு. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். ஆகையால் புறா கூவும்வரை நான் பேசிக்கொண்டிருக்கிறேன். அது கூவியதும் நான் நிறுத்திவிடுகிறேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது.

எங்கள் மில்லில் இருப்பது கோதுமைத் தொட்டிகள். தொட்டி என்றதும் குளிக்கிற தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். கான்கிரீட்டில் வட்டமாகக் கட்டி, பல மாடி உயரத்துக்கு எழுப்பியது. மேலே பெல்ட் வழியாகக் கோதுமை கொட்டும். கீழே ஒரு ஷட்டர் இருக்கிறது. அதன் இரும்புச் சக்கரத்தைத் திருப்பினால் கோதுமை இறங்கி அரைக்கிற இடத்துக்குப் போகும். அந்தச் சக்கரம் என் பொறுப்பு. அதற்குமுன் மூட்டை தூக்கினேன். அதற்கும்முன் என் அப்பா அதே மூட்டையைத் தூக்கினார். அம்மா சிந்தியதைக் கூட்டினாள். அப்பாவின் முதுகு போன பிறகு அவருடைய மூட்டைக் கொக்கி என் கைக்கு வந்தது. அம்மாவும் போன பிறகு தங்கச்சி என் இடுப்புக்கு வந்தாள். அவளை மூட்டை அடுக்கின்மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். தூசியில் அவள் முடி, இமை எல்லாம் வெள்ளையாகிவிடும். கிழவிபோல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள், “உன் பாட்டியாடா?” என்று கேட்பார்கள். நல்ல நாட்கள்.

கோதுமை இருக்கிற இடத்தில் புறா இருக்கும். எங்கள் கூரையில் வருகிறவற்றில் புள்ளிப்புறாவைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், கழுத்தில் மிளகு தூவியதுபோல் இருக்கும். தவிட்டுப்புறா சின்னது, செங்கல் நிறம். அதிலும் குழப்பம் இல்லை. குழப்பம் வளையப்புறாவில்தான். பின்கழுத்தில் மை வைத்து அரைவட்டம் போட்டதுபோல் கறுப்பு வளையம். அதில் இரண்டு சாதி இருப்பதே எனக்குத் தெரியாது. என் மாப்பிள்ளை வந்துதான் சொன்னான்.

மாப்பிள்ளை என்றால் தங்கச்சியின் புருஷன். மில்லில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் உள்ளே நுழையும்போது ஆரம்பித்தால் வெளியே போகும்வரை நிற்காது. மூட்டை தூக்கிக்கொண்டே பேசுவான். எதிரில் ஆள் இல்லாவிட்டால் தராசோடு பேசுவான். எங்கோ தூரத்து ஊரிலிருந்து வேலை தேடி வந்தவன். என் தங்கச்சிக்கு அவனைப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. நான் கட்டிய இரண்டு அறை வீட்டில் ஒரு அறையை அவர்களுக்குக் கொடுத்தேன். குழந்தை பிறந்ததும் மற்ற அறையிலும் பாதியைக் குழந்தையின் துணிகள் பிடித்துக்கொண்டன. நான் கொடிக்கயிற்றுக்குக் கீழே படுப்பேன். முகத்தில் ஈரத்துணி சொட்டும். அதைப்போல் நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

இப்போது தொட்டிக்கு வருவோம். கோதுமையில் ஈரம் ஏறினால் அது சுவரில் ஒட்டிக் கட்டியாகிவிடும். கீழே ஷட்டரைத் திறந்தாலும் இறங்காது. அப்போது மேலிருந்து ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, கழியால் குத்தி அதை உடைக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது ஷட்டர் மூடியிருக்க வேண்டும். திறந்தால் கோதுமை தண்ணீர்போல் இறங்கும், நிற்கிற ஆளின் காலைப் பிடித்து இழுக்கும். அவன் எவ்வளவு உதைக்கிறானோ அவ்வளவு சீக்கிரம் உள்ளே போவான். மில்லில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

கீழே சக்கரத்தடியில் இருக்கிற எனக்கு மேலே நடப்பது தெரியாது. முன்பு மேலே ஓர் ஆள் நிற்பார், மணி ஒன்றும் இருந்தது. ஆளை நிர்வாகம் குறைத்துவிட்டது. மணி கெட்டுப்போனது. எங்கள் மேனேஜரிடம் எதைச் சொன்னாலும் “அடுத்த மாசம்” என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. “அடுத்த மாசம் வர்றார், எந்திரி” என்று சொல்லித்தான் தூங்குகிறவனை எழுப்புவார்கள். மணிக்கும் அடுத்த மாதம் என்றார். கத்திப் பார்த்தோம். அந்தத் தொட்டிக்குள் கத்தினால் சத்தம் நான்காக உடைந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாது. ஒருமுறை மாப்பிள்ளை “திற” என்றானா “திறக்காதே” என்றானா என்று தெரியாமல் நான் படி ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அப்போதுதான் அவன் கையைக் குவித்துக்கொண்டு புறா மாதிரி கூவிக் காட்டினான். கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் ஊதுவது. அது உடையவே இல்லை, ஐயா. கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு அப்படியே கீழே வந்து காதில் விழுந்தது.

“கூரை பூரா புறா உட்கார்ந்திருக்கு. எது நீ, எது அதுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?” என்றேன்.

“உங்க ஊர்ப் புறா மூணு தட்டு மச்சான். நடுவுல ஒரு அழுத்து. கூ, கூஊ, கூ. கவனிச்சிருக்கீங்களா? எங்க ஊர்ப் புறா ரெண்டே தட்டு. முதல்ல குட்டையா ஒண்ணு, அடுத்தது தகரத்துல கோலிக்குண்டு உருட்டின மாதிரி. குக், குர்ர்ரூ. அது இந்தப் பக்கமே கிடையாது. அதனால அது கேட்டா நான்தான். நான் வெளிய வந்துட்டேன்னு அர்த்தம். நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் திறக்கலாம்.”

“பார்க்க எப்படி இருக்கும்?”

“இதே மாதிரிதான். வளையமெல்லாம் அப்படியே. உடம்பு கொஞ்சம் வெளுப்பு, மணல் கலர். ஆனா கலரை நம்பாதீங்க, வாலுக்கு அடியில பாருங்க. இங்க இருக்கிறதுக்கு அங்க சாம்பல், வாலோட ஓர இறகுல கறுப்பு வெளி விளிம்பு வரைக்கும் வந்திருக்கும். எங்க ஊர்ப் புறாவுக்கு அந்த ஓரம் வெள்ளை. அப்புறம் இன்னொண்ணு, அது பறந்து வந்து உட்கார்ந்ததும் சிரிக்கும்.”

“புறா எதுக்குய்யா சிரிக்குது?”

“உட்கார இடம் கிடைச்சதேன்னுதான்.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். தொட்டியிலிருந்து வெளியே வந்து, மேடையில் நின்று, கயிற்றை அவிழ்த்துவிட்டு இரண்டு தட்டில் கூவுவான். நான் சக்கரத்தைத் திருப்புவேன். அவன் வீட்டுக்கும் அந்தக் கூவலைக் கொண்டு வந்துவிட்டான். தெருமுனையில் திரும்பும்போதே கூவுவான். குழந்தை ஓடிப் போய் வாசலில் நின்று கையைக் குவித்து ஊதும். அதற்குச் சத்தம் வராது, எச்சில்தான் வரும். தங்கச்சி உள்ளேயிருந்து, “வந்தாச்சு, ரெண்டு காட்டுப் புறாவும் வந்தாச்சு” என்பாள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் துறைமுக வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் கொடுக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். தங்கச்சிக்கு முன்பே தெரியும், அவள் முகத்தில் தெரிந்தது. என்னிடம் கடைசியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேசிக்கொள்வதுதான்.

“மச்சான், நீங்களும் கிளம்பி வாங்க. வாசல் பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்கு. பார்த்ததுமே உங்களுக்குன்னு சொல்லிட்டேன்” என்றான்.

“ஆமாண்ணா. நீ இங்க தனியா இருந்து என்ன பண்ணப்போற? சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது உனக்கு” என்றாள் தங்கச்சி.

நல்ல மனதோடு சொன்னார்கள். பொய்யில்லை. நான் போயிருக்கலாம். யோசித்தும் பார்த்தேன். ஆனால் அங்கே நான் படுக்கிற கட்டில் அவன் போட்ட கட்டிலாக இருக்கும். காலையில் எழுந்ததும், “மாமாவை எழுப்பாதே, தூங்கட்டும்” என்று அவன் குழந்தையிடம் சொல்வான். அவன் நல்லவன், சொல்லத்தான் செய்வான். மூட்டை தூக்கி வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஐயா. தூக்குகிறவன் வேறு, அடுக்கில் உட்கார்ந்திருக்கிறவன் வேறு. என்னை இறக்கி அடுக்கில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். கோபம் வரவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

அந்த வாரமே கூண்டுக்கடைக்குப் போனேன். கிளி, முயல், மீன் எல்லாம் விற்கிற கடை. கடைக்காரர் வெற்றுடம்போடு உட்கார்ந்து ஒரு கிளியைத் திட்டிக்கொண்டிருந்தார். கிளி அவரைத் திருப்பித் திட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டில் கூவுகிற வெளியூர் வளையப்புறா வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய் இதோ இருக்கிறதே, இந்தப் புறாவைக் கொண்டுவந்தார். மணல் நிறம். கழுத்தில் வளையம். அப்போது இதற்கு வால் இல்லை. பறந்துவிடக்கூடாது என்று பிடுங்கியிருந்தார்கள். மொட்டையாக, தேய்ந்த துடைப்பம்போல் இருந்தது. அதனால் நான் வாலுக்கு அடியில் பார்க்க முடியவில்லை. இது என் தரப்பில் நடந்த குறை என்று நீங்கள் எழுதலாம், ஒப்புக்கொள்கிறேன்.

“கூவுமா?” என்று கேட்டேன்.

“கூண்டுல கூவாது. வெளிய விட்டுப் பழக்குங்க, அப்புறம் நிறுத்தச் சொல்லி நீங்களே என்கிட்ட வருவீங்க” என்றார்.

சாக்கு அறையில் வைத்து வளர்த்தேன். வால் முளைக்க ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி உச்சியில் விட்டேன். கோதுமை இருக்கிற இடத்தை விட்டு எந்தப் புறா போகும்? அங்கேயே தங்கிவிட்டது. ஆளுக்கு ஆள், “கூரைல ஒரு வெள்ளைப் புறா வந்திருக்கு பார்த்தியா?” என்று பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பார்த்தான். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

“எங்க ஊர்ப் புறா மாதிரி இருக்கு மச்சான். ஆனா சிரிக்கக் காணோமே” என்றான்.

“புது இடம். கூச்சமா இருக்கும்” என்றேன்.

“அது ரெண்டு தட்டுல கூவிச்சுன்னா நமக்கு வம்பாச்சே. வேற ஏதாவது வச்சுக்கலாமா?”

“நீ இன்னும் இருக்கப்போற கொஞ்ச நாளுக்கு எதுக்குய்யா புதுசு? எனக்கு உன் கூவல் தெரியாதா?” என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

இப்போது நான் சொல்வதை எழுத்தர் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும். நான் அவனைக் கொல்லத் திட்டமிடவில்லை. அவன் போகக்கூடாது என்று நினைத்தேன். செத்தால் போகமாட்டான் என்றும் நினைத்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் முடிவை நான் எடுக்கவில்லை. புறாவிடம் விட்டுவிட்டேன். அவன் உள்ளே இருக்கும்போது அது கூவினால் திறப்பேன். கூவாவிட்டால் திறக்கமாட்டேன். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினால், ரயிலடி வரை போய்ப் பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டு வருவேன். இது எனக்கும் என் மனதுக்கும் நடுவில் பேசி முடித்த ஏற்பாடு. இதைவிட நியாயமாக ஒருவன் எப்படி நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏற்பாட்டை மீறவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் பலமுறை தொட்டிக்குள் இறங்கினான். ஒவ்வொரு முறையும் நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புறா கூவவில்லை. நான் திறக்கவில்லை. அவன் வெளியே வந்து கூவினான், திறந்தேன். ஒருமுறை அவன் உள்ளே ரொம்ப நேரம் இருந்தான். கை வியர்த்து, சக்கரம் வழுக்கியது. அப்போதும் திறக்கவில்லை. கொலைகாரன் என்றால் அன்றே திறந்திருக்கமாட்டானா?

கடைசி நாள் வந்தது. வீட்டில் பாத்திரங்களைக் கட்டிவிட்டார்கள். கொடியில் துணி இல்லை. கொடிக்கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். எதற்கு அவிழ்த்தாய் என்று கேட்டதற்குத் தங்கச்சி, “அங்க வேணுமில்லண்ணா” என்றாள். அங்கேயும் கயிறு விற்பார்கள்.

மில்லில் எல்லோரும் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்தார்கள். ரேடியோ போய்விட்டால் பாட்டுக்கு எங்கே போவது என்றார்கள். அடுத்த மாசம்கூட வந்து கைகொடுத்தார். “எப்ப திரும்பி வர்றே?” என்று கேட்டார். “அடுத்த மாசம் சார்” என்றான் மாப்பிள்ளை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை, அவரும் சிரித்தார்.

மதியம் போல ஒரு தொட்டியில் கோதுமை கட்டிதட்டிவிட்டது. அவன் போயிருக்க வேண்டியதில்லை. கணக்கை முடித்துவிட்டான். இருந்தாலும், “கடைசியா ஒரு தடவை இறங்கிட்டு வரேன் மச்சான். இன்னையோட இந்தத் தொட்டிக்கும் எனக்கும் காய்” என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டுப் படி ஏறினான். நான் கீழே வந்து சக்கரத்தடியில் நின்றேன். மேலே கழி குத்துகிற சத்தம் கேட்டது. பாட்டுச் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் அவன் பாட்டு நான்காக உடைந்து நாலு பேர் பாடுவதுபோல் வரும்.

அப்போது புறா கூவியது. இரண்டு தட்டு. முதலில் குட்டையாக ஒன்று, அடுத்தது தகரத்தில் கோலிக்குண்டு.

திறந்தேன்.

பாட்டு நடுவில் நின்றது. நான் சக்கரத்தை முழுவதும் திருப்பினேன். பாதி திருப்பினால் ஷட்டர் உதறும், பல்சக்கரம் தேயும். கோதுமை நன்றாக இறங்கியது. கட்டி உடைந்துவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது. கீழே இருக்கிற பெல்ட் நிரம்பியதும் மூடினேன். படி ஏறிப் போய்ப் பார்த்தேன். மேடையில் அவன் செருப்பு ஜோடியாக இருந்தது. கயிறு மேலே கம்பியில் கட்டியபடி, விறைப்பாகக் கோதுமைக்குள் போயிருந்தது. கயிறு அறுந்துவிட்டதாக வெளியே சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. கயிறு அறுந்துபோகவில்லை. அது நல்ல கயிறு. முடிச்சும் நன்றாகத்தான் போட்டிருந்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அழுதேன், அது நடிப்பு இல்லை. புறா கூவியதைச் சொன்னேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மணல் நிறப் புறா அங்கே உட்கார்ந்திருந்தது. அடுத்த மாசத்துக்கு முகம் தெளிந்துவிட்டது. மணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, புறாவைப் பற்றித்தான் கேட்டார்கள். பெரியவர்கள் வந்து என் தோளில் கைவைத்து, “உன்மேல தப்பில்லப்பா, பறவை செஞ்ச வேலை” என்றார்கள். தங்கச்சி பாத்திரக் கட்டை அவிழ்த்தாள். கொடிக்கயிறு திரும்பவும் ஏறியது. நான் அதற்குக் கீழே படுத்தேன். வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். குழந்தைக்கு அப்போதுதான் கையைக் குவித்து ஊதினால் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் வாசலில் நின்று இரண்டு தட்டில் கூவும். தெருமுனையைப் பார்க்கும். நன்றாகக் கூவுகிறது, அப்பாவின் காது. தங்கச்சி போய் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். நாளாக ஆக எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் இருந்தேன்.

காப்பீட்டுக்காரர்கள் ஒரு மேடத்தை அனுப்பினார்கள். பறவைகளைக் கணக்கெடுக்கிறவர். இப்படி ஒரு புறா உண்மையிலேயே இங்கே இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொடுக்க வந்தார். கழுத்தில் தூரக்கண்ணாடி, காலில் சேறு. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நானே காட்டினேன்.

“அதோ மேடம், அதுதான். ரெண்டு தட்டு.”

அவர் மேலே முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அதற்குக் கீழே போய் நின்றுகொண்டு வாலுக்கு அடியில் பார்த்தார். இவர் விஷயம் தெரிந்தவர் என்று எனக்கு அப்போதே சந்தோஷம்.

“இல்லையே. இது உங்க கூரைல இருக்கிற அதே புறாதான்” என்றார்.

“கலரைப் பாருங்க மேடம்.”

“கலர்தான் வெளுப்பு. அப்படி ஒண்ணு ரெண்டு பிறக்கும். அடியில சாம்பல் பாருங்க. ஓர இறகுல கறுப்பு விளிம்பு வரைக்கும் வந்திருக்கு. இது மூணு தட்டு.”

“மேடம், நான் தினமும் புறா பார்க்கிறவன்.”

“நானும்தான்” என்றார் அவர். கோபமில்லாமல் சொன்னார். “அந்த இன்னொரு புறா உட்கார்ந்ததும் சிரிக்கும். இது சிரிச்சுக் கேட்டிருக்கீங்களா?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நான் மோசம் போய்விட்டேன் என்பதை ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. “கடைக்காரர் வெளியூர்ப் புறான்னுதானே கொடுத்தார். அவர் எதுக்கு என்கிட்ட பொய் சொல்றார்?” என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் அடுத்த மாசம் நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை அன்றைக்கே செய்தார். உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். சக்கரத்தைத் திருப்பியது என் கை. அவன் உள்ளே இருப்பது தெரிந்துதான் திருப்பினேன். புறாவைக் கொண்டுவந்து விட்டதும் நான். இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நான் மறுப்பது ஒன்றே ஒன்றுதான். புறா கூவவில்லை, நானாகத் திறந்தேன் என்று எழுதாதீர்கள். அந்த மேடம் படித்தவர், தெரிந்தவர், ஆனால் அவர் அன்றைக்கு அங்கே இல்லை. கூவலைக் கேட்டவன் நான். இத்தனை நாள் கூவாமல் இருந்துவிட்டு, சரியாகக் கடைசி நாள் பார்த்துக் கூவியதே என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். புறாவுக்கு நாள் கிழமை எல்லாம் தெரியுமா என்ன? அதன் பாட்டுக்குக் கூவியது. தங்கச்சியும் இப்போது கேட்கப்போகிறாள்.

கொஞ்சம் இருங்கள். அது தொண்டையை உப்புகிறது பாருங்கள். உப்பினால் கூவப்போகிறது என்று அர்த்தம். எழுத்தரே, பேனாவை வைத்துவிடுங்கள்.

கூ, கூஊ, கூ.

மறுபடியும் உப்புகிறது.

கூ, கூஊ, கூ.

மூன்று. எனக்கும் கேட்டது. நடுவில் அழுத்தம்.

எழுந்துவிட்டாள். அழவில்லை பாருங்கள், அவள் அழுகிற ஆள் இல்லை. அவள் கையில் இருக்கிற பையை இப்போதுதான் கவனிக்கிறேன். ஓர் இடத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அவ்வளவு பெரிய பையை எடுத்து வரமாட்டார்கள். மேலே துருத்திக்கொண்டிருப்பது கொடிக்கயிறு. வெளியே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலரிடம் ஏதோ கேட்கிறாள். ரயிலடிக்கு வழி கேட்கிறாள் போலிருக்கிறது. நேரே போய் இடது பக்கம் திரும்ப வேண்டும், யாராவது சரியாகச் சொல்லி அனுப்புங்கள்.

கூண்டில் அடைத்து வைத்தால் எந்தப் பறவையும் குழம்பித்தான் போகும், ஐயா. இதைக் கொண்டுபோய்த் தொட்டி மேலே விடுங்கள். என்னையும் கீழே சக்கரத்தடியில் நிற்க வையுங்கள். அதே இடத்தில் நின்றால்தான் கேட்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் காத்திருப்பேன். அன்றைக்கும் காத்திருந்து, அது கூவிய பிறகுதான் திறந்தேன்.